முதல்நாள் அரசியின் இலக்கம்

அன்ரோனெற் கிணற்றடியில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். கைத்தொலைபேசி பக்கத்தில் ஒரு வெறும் சட்டிக்குள் சாய்ந்திருந்தது. சட்டிக்குள் வைத்தால் பாட்டு எடுப்பாகக் கேட்கும். அன்று காலைதான் அவர்களுடைய ஊர் வாசாப்பு இணையத்தில் ஏறியிருந்தது. பேச்சு என்பதே இல்லாமல், முழுக்க முழுக்கப் பாட்டாலேயே நடக்கிற புனிதர் கதைக்கு மன்னார்க் கரையில் வாசாப்பு என்று பெயர். புளியடிக்குடா மாதா கோவில் திருநாளுக்கு இரண்டு நாளாக ஆடிய ‘கிளாறேசி அரசி’ வாசாப்பை மேடையில் நடக்கும்போதே ஒலிப்பதிவு செய்து, பாட்டுப் பாட்டாகப் பிரித்து, உலகத்தில் எவரும் கேட்கலாம் என்று விட்டிருந்தார்கள்.

முதல்நாள் அரசி அன்ரோனெற். இரண்டாம் நாள் அரசி அவளுடைய கணவனின் தங்கை சுவேதினி. ஆடுவதாக மாதாவுக்கு நேர்த்தி வைத்தவர்கள் அதிகம், வேசங்கள் குறைவு. அதனால் பெரிய வேசங்களை இப்படி இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். முதல்நாள் முழுக்க அரசி சிம்மாசனத்தில் வாய் திறக்காமல் இருப்பாள். கடைசியில் எழுந்து ஒரேயொரு புலம்பல் பாடுவாள். அத்துடன் அன்றைய ஆட்டம் முடிந்துவிடும். மறுநாள் புதிய அரசி அதே முடியை வைத்துக்கொண்டு, அதே இடத்தில் நின்று, அதே புலம்பலை முதலிலிருந்து பாடுவாள். முடி கைமாறிவிட்டது என்று சனத்துக்குத் தெரிவிக்கிற முறை அது. பிறகுதான் கதை நகரும்.

ராசாவும் மந்திரியும் பாடி முடித்தார்கள். அன்ரோனெற் கையை உதறிவிட்டுச் சட்டிக்கு அருகே குனிந்தாள். ‘அரசி புலம்பல், முதல்நாள்.’ மத்தளம் இரண்டு தட்டுத் தட்டியது. ஆர்மோனியம் இழுத்தது. பிறகு குரல் வந்தது.

அது சுவேதினியின் குரல்.

கை தவறி வேறு பாட்டைத் தொட்டுவிட்டேனாக்கும் என்று திரும்பப் போட்டாள். சுவேதினிதான். கீழே இறங்கி இரண்டாம் நாளின் முதற்பாட்டைப் போட்டாள். அதுவும் சுவேதினி. பாட்டின் நடுவில் சனத்துக்குள் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. மேலே போய் முதல்நாளைப் போட்டாள். அதே அடியில், அதே குழந்தை, அதே அழுகை.

“இஞ்சேருங்கோ,” என்று கணவனைக் கூப்பிட்டாள். வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த அமிர்தநாயகத்துக்கு அது கேட்கவில்லை. கேட்கவும் வழியில்லை. திருநாள் முடிந்த கையோடு அவளுடைய கழுத்தில் இருந்த கட்டியை யாழ்ப்பாணத்தில் வெட்டி எடுத்திருந்தார்கள். உயிருக்கு ஒன்றும் வரவில்லை, குரல் போய்விட்டது. பேச்சு, காய்ந்த ஓலையை ஓலையால் உரசுவதுபோல வரும். பாட்டு வராது. “அதை இனி எதிர்பார்க்க வேண்டாம் அம்மா,” என்று டொக்டர் நேராகவே சொல்லிவிட்டார். அதை வீட்டுக்கு வெளியே அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. திருநாளுக்கு முன்பு அவள் பாடியதை ஒருவரும் எடுத்து வைத்ததில்லை. அவளுடைய பாட்டுக்குரல் இந்த உலகத்தில் எங்காவது மிச்சம் இருக்கிறது என்றால், அது அந்த ஒரு புலம்பலில் மட்டும்தான்.

எழுந்துபோய்த் தொலைபேசியைக் கணவனின் காதுக்குக் கிட்டப் பிடித்தாள். அவன் இரண்டு பாட்டையும் பொறுமையாகக் கேட்டான்.

“ரெண்டும் நல்லாத்தானே இருக்கு.”

“நான் எங்க?”

அவன் ஊசியை வலையிலேயே குத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். “ஸ்ரூடியோப் பெடியனுக்கு அடிச்சுக் கேட்டால் என்ன?”

“ஃபோனில நான் கதைச்சால் ஆருக்குக் கேக்கும்? நேர போறன்.”

“நண்டு?”

“நீங்கள் கழுவுங்கோ.”

மன்னார் பஸ்ஸில் ஏறினால் இறங்குகிற இடத்தைச் சத்தம் போட்டுச் சொல்ல அவளால் முடியாது. சில்லறைக் காசால் கம்பியில் தட்டுவாள். கொண்டக்டருக்கு அது பழகிப்போய்விட்டது. பஸ் நிலையத்துக்கு முன்பாக, பாமசி மருந்துக்கடைக்கு மேல்மாடியில் றொசாந்தனின் ஸ்ரூடியோ. மாடிப்படி நிழலை ஒரு கழுதை பிடித்துக்கொண்டு நின்றது. அதை ஒதுக்கிவிட்டு ஏறினாள்.

றொசாந்தன் கலியாண வீட்டுப் படம் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தான். “வாங்கோ அக்கா, இருங்கோ. கேட்டனீங்களோ? கனடாவில இருந்தெல்லாம் கேக்கினம்.”

அவள் கதிரையில் இருக்கவில்லை. இரண்டு பாட்டையும் போட்டுக் காட்டினாள். குழந்தை அழுகிற இடத்தில் விரலை உயர்த்தினாள். இரண்டாவது தரமும் அழுதபோது திரும்ப உயர்த்தினாள்.

“ஓம்… ஒரே பாட்டுத்தானே அக்கா.”

“ஒரே பாட்டு. ஆள் வேற.”

றொசாந்தன் காதில் இருந்ததைக் கழற்றி வைத்தான். அவனுக்குத் தன் வேலையை விளக்கிச் சொல்வதென்றால் விருப்பம். “இருங்கோ, விளங்கப்படுத்துறன். பாட்டை உலகம் முழுக்க அனுப்புற வெளிநாட்டுக் கம்பனி ஒண்டு இருக்கு. அவங்களிட்ட குடுக்கேக்க இது என்ன வகை எண்டு சொல்லவேணும். அவங்கட வகையளுக்குள்ள வாசாப்பு இல்லை. நாடகம் எண்டு போட்டால் பேச்சு எண்டு நினைப்பாங்கள். முழுக்கப் பாட்டில கதை போற சாமான் எது எண்டு பாத்தால், ஒப்பரா எண்டு ஒண்டு கிடந்தது.”

“அது என்ன?”

“வெள்ளைக்காரரின்ர வாசாப்பு.”

அவள் சிரிக்கவில்லை. அவன் தொடர்ந்தான். “ஒப்பரா எண்டால் முழுக்கதையையும் ஒரே துண்டாப் போடேலாது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கோட் நம்பர் வேணும். முதல் ரெண்டு எழுத்து நாடு, அடுத்தது எங்கட ஸ்ரூடியோ, பிறகு வருசம், கடைசியா நாங்கள் போடுற இலக்கம். அந்த நம்பரை வைச்சுத்தான் எந்த நாட்டில ஆர் கேட்டாலும் இன்ன பதிவு எண்டு மிசினுக்குத் தெரியும். பாட்டின்ர பெயரைப் பாத்து ஒண்டும் விளங்காது. அங்கத்தைய ஒப்பராவில ஒரு பாட்டையே நூறு பேர் பாடியிருப்பினம். சொல்லும் அதே, மெட்டும் அதே. ஆனால் ஒவ்வொரு ஆளும் பாடினதுக்கு வேற வேற…”

அந்த இடத்தில் அவனுடைய வாய் தானாக நின்றது.

“வேற வேற?” என்றாள் அன்ரோனெற்.

“நம்பர்,” என்றான், மெல்ல.

கணினிப் பக்கம் திரும்பிக் கடகடவென்று தட்டினான். முதல்நாள் அரசி புலம்பல். இரண்டாம் நாள் அரசி புலம்பல். இரண்டுக்கும் ஒரே இலக்கம். “வாசாப்புப் பழக்கின அண்ணாவியார், பாடுற ஆக்களின்ர பெயர் ஒண்டும் போடப்படாது எண்டவர். வேசத்தின்ர பெயரை மட்டும் போடு எண்டவர். எனக்கு முன்னால கிடந்தது அரசி, அரசி, புலம்பல், புலம்பல். ஒரு பாட்டு ரெண்டுதரம் வருது எண்டு ஒரு நம்பரையே போட்டுட்டன். ஒரு நம்பருக்கு ஒரு பதிவுதான் எண்டு கம்பனிக்காரன் ஒண்டை வைச்சுக்கொண்டு மற்றதை விட்டிட்டான் போல.”

“மற்றதுக்கு வேற நம்பர் போட்டு அனுப்பு.”

“போடலாம். அதில ஒரு…” அவன் திரையில் ஒரு பெட்டியைத் திறந்தான். இன்னொன்றைத் திறந்தான். அலுமாரியில் இருந்து பதிவுகளைச் சேமிக்கும் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துக் கணினியில் கொழுவிப் பார்த்தான். அவனுடைய காது மடல் சிவந்துகொண்டு வந்தது. “அக்கா, கொம்பியூட்டர் ஃபைலுகளுக்கு நான் நம்பரையே பெயரா வைச்சனான். ரெண்டாவதைப் போடேக்க, இந்தப் பெயரில ஒண்டு கிடக்கு, அதுக்கு மேல எழுதட்டோ எண்டு கேட்டிருக்கும். ஓம் எண்டு அமத்தியிருப்பன்.”

“மேல எழுதினால்?”

“கீழ கிடந்தது போயிட்டுது.”

“மேடையில எடுத்தது?”

“அந்த மெமறிக் கார்ட்டில இப்ப கலியாண வீட்டுப் படம் கிடக்கு.”

அன்ரோனெற் அப்போதுதான் கதிரையில் இருந்தாள். றொசாந்தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

“என்னை ஏசுங்கோ அக்கா,” என்றான். “ஏசாமல் இருக்கிறதுதான் பயமாயிருக்கு.”

“ஏச என்னிட்ட குரல் இல்லை. நீ யோசி. வேற ஆருக்காவது குடுத்தனீயோ? துண்டா, முழுசா, எப்பிடியெண்டாலும்.”

அவன் யோசித்தான். கீழே பஸ்காரன் ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. “முதல்நாள் ஆட்டம் முடிய அண்ணாவியார் வந்தவர். பிழை திருத்தக் கேக்கவேணும் எண்டு சொல்லி ஒரு பென் ட்ரைவில போட்டு வாங்கிக்கொண்டு போனவர். வைச்சிருக்கிறாரோ தெரியாது.”

அவள் எழுந்துவிட்டாள்.

“அவர் தரமாட்டார் அக்கா! எங்களுக்கு உத்தரவு போட்டதே அவர்தானே!”

அது அவளுக்கும் தெரியும். பஸ்ரியன் அண்ணாவியார் வாசாப்பைப் பழக்குகிறவர். பிழைப்புக்குப் படகு எஞ்சின் திருத்துகிறவர். பெயர் போடக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இருந்தது. பக்கத்துக் குடா ஒன்றில் முன்பு அடித்த விளம்பரத்தில், மந்திரி வேசக்காரனின் பெயர் ராசா வேசக்காரனின் பெயருக்கு மேலே போய்விட்டது. அதில் பிடித்த சண்டை கோவிலடியில் நின்று, கரைக்கு இறங்கி, ஒன்றாகக் கரைவலை இழுத்தவர்களை இரண்டாகப் பிரித்துப்போட்டது. இன்றைக்கும் அங்கே வாசாப்பு இல்லை. நேர்ந்து ஆடுகிறவனுக்குப் பெயர் எதற்கு என்பது பஸ்ரியனின் சட்டம்.

அவள் கரையில் இருந்த அவருடைய கொட்டிலுக்குப் போனபோது அவர் ஒரு எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார். றொசாந்தன் அவளுக்கு முந்தித் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். அவளைக் கண்டதும் அண்ணாவியார் விசையைக் கொஞ்சம் கூட்டினார்.

அவள் வாயைத் திறந்தாள். எஞ்சின் இரைந்தது. அண்ணாவியார் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தார். பீப்பாய்த் தண்ணீர் நுரைத்து அவளுடைய சீலைக் கரையில் தெறித்தது.

அன்ரோனெற் சுற்றிப் பார்த்தாள். கவிழ்த்துக் கிடந்த மீன்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு, அவருக்கு நேரெதிரே இருந்துகொண்டாள். கையை மடியில் வைத்தாள். அவர் திருப்புளியை எடுத்தார், வைத்தார். இல்லாத தூசியைத் துடைத்தார். இரண்டு தரம் அவளைப் பார்த்தார். அவள் அசையவில்லை. எஞ்சினுக்கு வேலை ஒன்றும் இல்லை என்பதும், அது சும்மா பெற்றோல் குடித்துக்கொண்டு நிற்கிறது என்பதும் இருவருக்கும் தெரிந்துதான் இருந்தது. கடைசியில் அது இருமியது, திக்கியது, நின்றது.

கொட்டிலில் கடல் இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

“பெற்றோல் முடிஞ்சுது,” என்றாள் அவள்.

அண்ணாவியாருக்கு உதடு துடித்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டார். “உன்ர புருசன் எப்பிடிப் பிள்ளை உன்னோட சீவிக்கிறான்?”

“நண்டு கழுவிக்கொண்டு. அந்தப் பென் ட்ரைவைத் தாங்கோ அண்ணாவியார்.”

“தரலாம். தந்தால் என்ன நடக்கும் தெரியுமோ? முதல்நாள் அரசி திறமோ, ரெண்டாம் நாள் அரசி திறமோ எண்டு துவங்குவாங்கள். நீ ஒரு பக்கம், உன்ர மச்சாள் ஒரு பக்கம். ஒரு வீட்டுக்குள்ளயே ரெண்டு கட்சி. அரசி ஒருத்திதான் பிள்ளை. ஆர் வாயால பாடினால் என்ன?”

“உங்களுக்கு ஒண்டுமில்லை. எனக்கு இருக்கு.”

“சரி, அடுத்த திருநாளுக்குத் திரும்பப் பாடு. வடிவா எடுப்பம். அப்ப போடுவம்.”

அவள் கழுத்தைச் சுற்றியிருந்த சீலைத் தலைப்பை இறக்கினாள். தையல் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

“இனி வராது அண்ணாவியார். டொக்டர் சொல்லிப்போட்டார். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

அவர் கையில் இருந்த துணியை மடித்தார். விரித்துத் திரும்ப மடித்தார். ஒப்பரேசனால் வந்த கரகரப்பு என்று சனம் சொன்னதை நம்பி, சளித் தடிமன் பிடித்த தொண்டைபோல இதுவும் மாறிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

“பெயர் போடுறது எனக்கு வேண்டாம்,” என்று அவள் தொடர்ந்தாள். நீளமாகப் பேசினால் மூச்சு வாங்கும். விட்டு விட்டுச் சொன்னாள். “உங்கட சட்டத்தை உடைக்க நான் வரேல்லை. மாதாவுக்கு நேர்ந்துதான் பாடினனான். ஆனால் பாடினது நான். அந்தப் பெடியன்ர கோட் நம்பரில ஒருத்தரின்ர பெயரும் இல்லை. நாடு இருக்கு, ஸ்ரூடியோ இருக்கு, வருசம் இருக்கு, பிறகு ஒரு இலக்கம். அதைப் பாத்து ஆரும் கட்சி கட்டேலாது. அந்த இலக்கம் ஒண்டு எனக்குத் தனியா வேணும். வெளியில அரசி எண்டே இருக்கட்டும். அமத்தினால் நான் பாடவேணும்.”

“நம்பர் மட்டும்?”

“நம்பர் மட்டும்.”

“பிறகு வந்து பெயரையும் போடுங்கோ எண்டு நிக்கமாட்டாய்?”

“நிண்டால் எஞ்சினைப் போட்டுவிடுங்கோ.”

அண்ணாவியார் எழுந்து, மேசையில் இருந்த பழைய பாட்டுப் பெட்டியின் பின்பக்கம் கையை விட்டார். எண்ணெய் பட்டுக் கறுத்த பென் ட்ரைவ் ஒன்றை உருவினார். உடனே கொடுக்கவில்லை.

“இவ்வளவு நாளும் இதுக்குள்ளதான் கிடக்குது. வேலை செய்யேக்க போடுறனான். மூண்டாவது அடியில நீ தாளத்துக்கு முந்திப் போட்டாய், அது தெரியுமோ?”

“நான் முந்தேல்லை. மத்தளம் பிந்தினது.”

“குரல் போனவளுக்கு வாய் போகேல்லை,” என்று சொல்லிக்கொண்டு அவளுடைய கையில் வைத்தார்.

மறுநாள் மன்னாருக்குப் புறப்பட்டபோது சுவேதினியும் ஒட்டிக்கொண்டாள். இரண்டு நாளும் அவளே பாடியதாக நினைத்து இத்தாலியில் இருந்தும் கனடாவில் இருந்தும் ஆட்கள் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். அவளுக்கு அது முள்ளாகக் குத்தியது. “மச்சாள், நான் வேணுமெண்டு செய்யேல்லை,” என்று பஸ்ஸில் மூன்று இடத்தில் சொன்னாள்.

“நீ எப்பிடியடி செய்வாய்? உனக்குக் கொம்பியூட்டரைத் திறக்கவே தெரியாது.”

“அப்ப ஏன் முறைச்சுக்கொண்டு வாறியள்?”

“வெயில்.”

றொசாந்தன் பென் ட்ரைவைக் கொழுவினான். முதல்நாள் முழுதும் அதில் கிடந்தது. அவன் பெருமூச்சு விட்டு, புலம்பல் தொடங்குகிற இடத்தையும் முடிகிற இடத்தையும் வெட்டி எடுத்தான். பிறகு கதிரையை அவர்கள் பக்கம் திருப்பினான்.

“அக்கா, புது நம்பர் எண்டால் முழு வாசாப்பையும் திரும்ப அனுப்பவேணும். அவங்கள் பாத்து முடிக்க நாள் எடுக்கும். லேசான வழி ஒண்டு இருக்கு. இப்ப இருக்கிற நம்பருக்குள்ளயே இதை மாத்தி விடுறன். ரெண்டு இடத்திலயும் நீங்கள்தான் பாடுவியள்.”

“அப்ப நான் எங்க போறது, கடலுக்கோ?” என்றாள் சுவேதினி. பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் பார்வை மச்சாளின் முகத்தில் இருந்தது.

அன்ரோனெற் திரையைப் பார்த்தாள். சுவேதினிக்குத் தொண்டை இருக்கிறது; அடுத்த திருநாள் இருக்கிறது; அதற்கடுத்ததும் இருக்கிறது. எத்தனை தரமும் பாடலாம், எத்தனை தரமும் பதியலாம். தனக்கு இது ஒன்றுதான். அந்த எண்ணம் வந்தது. வந்து கொஞ்ச நேரம் நின்றது. அதை அவள் மறைக்கவும் இல்லை. சுவேதினி கண்டுகொண்டு குனிந்துவிட்டாள்.

“என்ர இடத்தில இவள் பாடினது பிழை எண்டு சொல்லித்தான் நான் வந்தனான்,” என்றாள் கடைசியில். “இவளின்ர இடத்தில நான் பாடினால் மட்டும் அது சரியோ? பழைய நம்பர் இவளின்ரதாவே இருக்கட்டும். அதைக் கேட்ட ஆக்கள் இவளைத்தான் கேட்டவை. எனக்குப் புதுசு போடு. முழுசாத் திரும்ப அனுப்பு.”

“நாள் எடுக்கும்.”

“எடுக்கட்டும்.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு வேலையில் இறங்கினான். திரையில் அவளுடைய குரல் மலையும் பள்ளமுமாக விரிந்தது. ஓரிடத்தில் அம்பைப்போல மேலே குத்திய கோட்டைப் பெரிதாக்கினான். “இதில ஒரு மூச்சு பெருசாக் கேக்குது. துடைச்சு விடட்டோ? ஒருத்தருக்கும் தெரியாது.”

கட்டி அந்த நேரமே மூச்சுக்குழாயை நெரித்துக்கொண்டிருந்தது. எட்டாத அடியை எட்டுவதற்காக அவள் அந்த மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு இல்லாமல் அந்த அடி வந்திராது.

“தொடாத,” என்றாள்.

“தொண்டைக்குள்ள ஏதோ…”

“தொடாத எண்டு சொன்னனான்.”

“சொன்னால் கேளுங்கோவன்,” என்று சுவேதினியும் சேர்ந்துகொண்டாள். “எங்கட அரசி சொல்லுறா.”

றொசாந்தன் இலக்கத்தைத் தட்டினான். வாசாப்பின் மற்றெல்லாப் பாட்டுகளுக்கும் பிறகு, வரிசையில் கடைசியாக வருகிற இலக்கம். ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டு வாசித்தான். ஒருமுறை போதாது என்று அன்ரோனெற் சைகை காட்ட, திரும்பவும் வாசித்தான். பாடியவர் என்ற இடத்தில் கையை நிறுத்தி அவளைப் பார்த்தான். ஸ்ரூடியோவில் அண்ணாவியார் இல்லை. போட்டால் உடனே அவருக்குத் தெரியவும் போவதில்லை.

“அரசி எண்டு போடு,” என்றாள் அவள்.

அனுப்புகிற பொத்தானை அமத்தினான். இந்தப் பெயரில் ஒன்று கிடக்கிறது, மேலே எழுதட்டுமா என்ற கேள்வி இந்த முறை வரவில்லை. இரண்டு அரசி புலம்பலும் ஒன்றை ஒன்று அழிக்காமல், தத்தம் நாளில், தத்தம் இடத்தில் போய் நின்றன.

“சரியா ஏறினதோ எண்டு பாப்பம்,” என்று சொல்லி அவன் முதல்நாளை அமத்தினான். மத்தளம் இரண்டு தட்டுத் தட்டியது. ஆர்மோனியம் இழுத்தது. அன்ரோனெற்றின் குரல் பெரிய ஒலிபெருக்கிகளில் இருந்து கிளம்பி அறையை நிரப்பியது. மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தல் மெல்ல அதிர்ந்தது. சுவேதினி தன்னை அறியாமல் பதிவில் கேட்ட பிற்பாட்டுக்காரர்களோடு சேர்ந்து அடி எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு அடி போனதும் றொசாந்தனுக்குத் திருப்தி. “ஓகே, ஏறிட்டுது,” என்று நிறுத்தக் கையைக் கொண்டுபோனான். வெளியே இன்னொரு கலியாண வீட்டுக்காரர் காத்துக்கொண்டு நின்றார்.

அன்ரோனெற் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

“முடியட்டும்,” என்றாள்.